குழியில் நின்ற வேம்பு

ஜூன் ஐந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, அந்தத் தாம்பரம் அலுவலகத்தில் ஒரு மரம் உயிரோடு இருந்ததுதான் பெரிய தலைவலியாகிவிட்டது.

வருஷா வருஷம் சுற்றுச்சூழல் தினத்தன்று பெரிய அதிகாரி வந்து, வாசலில் இருக்கும் ஒரே குழியில் வேப்பங்கன்று நடுவார். அப்புறம் அது என்ன ஆனது என்று யாரும் கேட்டதில்லை. அடுத்த ஜூனுக்குக் குழி காலியாக இருக்கும். இந்தத் தடவை அதில் இடுப்பளவுக்கு ஒரு வேம்பு நின்றது.

எல்லாம் வாட்ச்மேன் ஞானையா செய்த வேலை. போன வருஷம் நட்ட அன்று சாயங்காலமே கன்றைக் காணவில்லை. மாடுதான் மேய்ந்திருக்கும். வேராவது மிச்சமிருக்காதா என்று, காக்கைகள் வேப்பங்கொட்டை துப்பிப் போடும் அந்தக் குழியில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். நாற்பதாம் நாள் துளிர்த்தபோது மனுஷர் அழுதே விட்டார்.

“அதைப் பிடுங்கிடுங்க ஞானையா. பதினோரு மணிக்கு சார் வர்றார்,” என்றார் மேனேஜர் ரத்தினபாய்.

“வேற எடத்துல குழி வெட்டிர்றேன் மேடம்.”

வளாகம் முழுக்க சிமென்ட். குழாயடியில் மட்டும் கொஞ்சம் மண் இருந்தது. கடப்பாரையை இறக்கினார், குழாய் உடைந்தது. பீய்ச்சியடித்த தண்ணீரில் ‘நீரைச் சேமிப்போம்’ பேனர் சரிந்து விழுந்தது.

“தொட்டியில நட்டா என்ன மேடம்?”

“போட்டோல கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். முதல்ல பிடுங்குங்க!”

ஞானையா குழியருகே உட்கார்ந்தார். கை எழவில்லை. வேலை போனாலும் போகட்டும், இதைக் கொல்ல அவரால் முடியாது.

“மேடம், சார் இதையே நடட்டும். சுத்தி மண்ணைக் கிளறிவிட்டா புதுசுதான்னு நம்பிடுவாரு.”

வாசலில் கார் ஹாரன் கேட்டது. ரத்தினபாய் தலையில் அடித்துக்கொண்டு, வாங்கி வைத்திருந்த புதுக் கன்றைத் தன் அறைக்குள் ஒளித்தார்.

அதிகாரி ஒரு பிடி மண் போட்டார், தண்ணீர் ஊற்றினார், போட்டோவுக்குச் சிரித்தார். “செழிப்பா இருக்கே, எந்த நர்சரி?” என்று பாராட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். ஞானையாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

திரும்பிப் பார்த்தால், அதிகாரியின் டிரைவர் லோகு குனிந்து வேம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

“ஏம்ப்பா, என்ன பண்றே?” என்று அலறிக்கொண்டு ஓடினார் ஞானையா.

“இன்னாண்ணா இது, வரவே மாட்டேங்குது? இத்த எடுத்துகினு போய்த்தான வருசா வருசம் பல்லாவரம் பங்ஷன்ல நடுறோம்! போன வருசம்கூட நீ டீ ஊத்திகினு இருந்தப்போ, வேரோட கையில வந்துச்சே!”