பீப்பித்துரையின் மூன்று பிளேட்டுகள்

எருமை மாட்டுக்கு ஜாஸ் வாசிக்கக் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு போன ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் பீப்பித்துரைதான். ஐம்பதுகளில் ஓசூரில் எங்கள் தெருவில் குடியிருந்தார். அதற்கு முன் பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மெண்டில், வெள்ளைக்காரர்கள் ஜோடி போட்டு ஆடும் கிளப்புகளில் கிளாரினெட் வாசித்தவர். வெள்ளைக்காரன் கப்பலேறினான், இவர் ஓசூர் பஸ் ஏறிக் கல்யாண பேண்டில் சேர்ந்தார். நிஜப் பெயரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தெருவிலேயே என் வீட்டில் மட்டும்தான் கிராமபோன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தன் இரண்டு பிளேட்டுகளோடு வந்துவிடுவார். பத்துப் பேர் சேர்ந்து வாசித்த பிளேட்டுகள். அதில் இவர் எங்கே என்று வலைபோட்டுத் தேட வேண்டும். விரலைத் தூக்கியபடி காத்திருப்பார்.

"இப்ப வர்றேன் பாருங்க சார்... தோ, வந்துட்டேன்..."

அதற்குள் என் மனைவி இருமித் தொலைப்பாள்.

"போயிட்டேன் சார். மறுபடியும் மொதல்லேர்ந்து வைங்க."

"அதென்னாங்க ஜாஸு?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"எழுதி வெச்சத வாசிச்சா உத்தியோகம்மா. எழுதாதத வாசிச்சா ஜாஸு."

ஒருநாள் கையில் கடிதத்தோடு ஓடிவந்தார். பிளேட்டுக் கம்பெனிக்காரர்கள் அழைத்திருந்தார்கள். ஒரு பிளேட்டு முழுக்க அவர் ஒருவரே வாசிக்க வேண்டும். ஒரு மாதம் அவகாசம். "சாவறதுக்குள்ள ஒரு பிளேட்டுல நான் மட்டும் சார்!" என்று கண் கலங்கினார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் சாதகம். ஒரே வரி நாற்பது தடவை. எதிர்வீட்டுப் பசு பால் சுரக்க மறுத்துவிட்டதாகச் சொன்னார்கள். தெருவே திரண்டு, மனு எழுதித் தரும்படி என்னிடம் வந்தது. நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர் வாசிப்பு எனக்கு இடைஞ்சலாகவே இல்லை. இங்கிலீஷைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் வாய்த்ததே என்ற மிதப்பில், பொது அமைதிக்கும் கறவைப் பசுக்களுக்கும் பெருங்கேடு என்று இரண்டு பக்கம் வெளுத்துக்கட்டினேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. அவ்வளவு யோக்கியன் நான்!

ஊருக்குள் ஊதக்கூடாது என்று எங்கள் ஆபீசிலிருந்தே துரைக்கு நோட்டீஸ் வந்தது. அதையும் என்னிடமே கொண்டுவந்து படிக்கச் சொன்னார். என் வாக்கியங்களை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். படித்தேன்.

"இங்கிலீசு நல்லாத்தான் எழுதிக்கிறான், இல்ல சார்?"

நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"பாகலூர்ப் பக்கம் போய் ஊதலாமே?" என்றேன்.

"அதுவும் மதராஸ் கவர்மெண்டுதானே சார். எதுக்கு வம்பு?"

மறுநாளிலிருந்து சைக்கிளில் ஜூஜுவாடி வரை மிதித்து, எல்லைக்கல்லைத் தாண்டி, மைசூர் மண்ணில் நின்று ஊதினார். கிளப்புக்குப் போன அதே கோட்டு, அதே டை. எருமைகள் மேய்ச்சலை நிறுத்திக் கேட்டன. அத்திப்பள்ளி வண்டிக்காரர்கள், "இன்னொந்து ஊதி ஸ்வாமி!" என்று கன்னடத்தில் கேட்டால் இன்னொன்று ஊதுவார். மார்கழிப் பனி வேறு. பத்தாம் நாள் இருமல் பிடித்துக்கொண்டது.

ஆபீசரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நோட்டீஸ் ரத்தாகியிருக்கும். மனு எழுதியது நான்தான் என்று வெளியே வந்துவிடுமே! வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இருமலோடேயே பெங்களூர் போய் வாசித்துவிட்டு வந்தார். இரண்டு மாதம் கழித்துப் பிளேட்டு வந்தது. கிராமபோனில் வைத்தேன். இந்த முறை விரலைத் தூக்கவில்லை, கைகட்டி உட்கார்ந்தார். அடேயப்பா, என்ன வாசிப்பு! உச்சிக்கு ஏறுகிற இடத்தில் சட்டென்று நின்றது. கர்ரென்று ஒரு மூச்சு இழுத்தது. பிறகுதான் மேலே போனது.

"சைக்கிள் மிதிச்சது அங்க தெரியுது சார்" என்று சிரித்தார். "இனிமே கூப்புட மாட்டோம்னுட்டாங்க."

என்னால் தாங்க முடியவில்லை. "துரை, அந்த மனுவ எழுதினது நான்தான்."

"தெரியுமே சார். இந்தத் தெருவுல இங்கிலீசு வேற யாருக்கு வரும்?"

"அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டுட்டா ஞாயித்துக்கெழமைல நான் எங்க சார் போவேன்?"

துரையின் காலத்துக்குப் பிறகு அந்தப் பிளேட்டு என்னிடம்தான் இருக்கிறது. மூச்சிழுக்கும் இடம் வரும்போதெல்லாம், "மெதுவா ஊதுங்க துரை, அவசரமே இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.