வருமான வரி கட்டும் வள்ளலே, வருக!

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். ஆடிட்டர் ஆபீஸுக்குப் போயி, என் சம்பளத்துல பிடிச்ச வரியைத் திரும்பக் கேட்டு ரிட்டர்ன் போட்டுட்டு, மத்தியான சோத்துக்கு வூட்டுக்கு வந்துடணும்.

அவ்வளவுதான். இதைக்கூட ஒழுங்கா பண்ணத் தெரியாத ஜென்மம் நானு.

விருத்தாசலத்துல பி.காம் படிக்கிறேன். சாயங்காலம் ஒரு பீங்கான் கம்பெனியில பார்ட் டைம் வேலை. ஊறுகா ஜாடி, அகல் விளக்கு, தவழுற கிருஷ்ணரு எல்லாத்தையும் போட்டோ புடிச்சு ஆன்லைன்ல ஏத்தணும். கிருஷ்ணருக்கு மூக்கு உடைஞ்சிருந்தா, மூக்கு தெரியாத பக்கமா திருப்பி வெச்சு எடுக்குறதுல நான் கில்லாடி.

மொத மாசச் சம்பளம் வந்துது. பத்துல ஒரு பங்கைக் காணோம்! கணக்குப் பாக்குற மேடத்துக்கிட்ட ஓடுனேன்.

"டி.டி.எஸ் தம்பி."

"அப்டின்னா?"

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்தாங்க. "நீ என்ன படிக்கிற?"

"பி.காம்."

"வெளங்கிடும்!"

அப்புறம் பொறுமையா சொன்னாங்க. "இது முன்கூட்டியே பிடிச்சு வைக்கிறது. உன் வருமானத்துக்கு வரியே கெடையாது. வருசம் முடிஞ்சதும் ரிட்டர்ன் போட்டா முழுசா திரும்ப வந்துடும்."

என் காதுல வுழுந்தது ஒண்ணே ஒண்ணு. என் பேருல கவர்மெண்டுக்கு வரி போவுது!

வேற எவனா இருந்தாலும் காசு போச்சேன்னு வயிறு எரிஞ்சிருப்பான். எனக்குப் பெருமை பொங்கிடுச்சு. அந்த வருசம் பூரா டீக்கடையில யாராவது ரோடு சரியில்லன்னு சொன்னா போதும், "நாங்க கட்டுற வரியெல்லாம் எங்கதான் போவுதோ"ன்னு பெருமூச்சு விடுவேன். இப்ப நெனைச்சா என்னை நானே அறையணும்போல இருக்குது.

ரிட்டர்ன் போடுற நாளும் வந்துது. என் கூட்டாளி பாபு பைக்கை எடுத்துக்கிட்டு வந்தான்.

"எங்கடா போவணும்?"

"இன்கம்டாக்ஸு விஷயமா ஆடிட்டரைப் பாக்கணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

பைக்கை நிறுத்திட்டான். "நீ இன்கம்டாக்ஸு கட்டுறியா!"

'இல்லடா, பிடிச்சதைத் திரும்ப வாங்கப் போறேன்'னு சொல்லியிருக்கலாம். கதை அங்கயே முடிஞ்சிருக்கும். நான் என்ன சொன்னேன்?

"கட்டாம இருக்க முடியுமாடா? சட்டம்னு ஒண்ணு இருக்குதுல்ல."

பாபு யாருன்னு சொல்ல மறந்துட்டேன். ப்ளெக்ஸு கடை வெச்சிருக்கான். எங்க ஊர்ல காது குத்துனா ப்ளெக்ஸு, மஞ்சத்தண்ணி ஊத்துனா ப்ளெக்ஸு, செத்தா ப்ளெக்ஸு. அரியர் க்ளியர் பண்ணவனுக்குக்கூட ஆளுயரத்துக்கு அடிச்சுக் கட்டுன மகராசன் அவன்.

ஆடிட்டர் ஆபீஸ்ல நல்ல கூட்டம். வாசல்ல என்னை எறக்கி விட்டுட்டு, கண்ணு கலங்க என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போனான் பாபு. அப்பவே எனக்கு ஒறைச்சிருக்கணும்.

ரொம்ப நேரம் கழிச்சு ஆடிட்டர் கூப்ட்டாரு.

"பேங்க் பாஸ்புக்கு?"

"வூட்டுல இருக்குது சார்."

"ரீஃபண்டை உன் வாயிலயா போடுவாங்க? எடுத்துக்கிட்டு வா, போ."

வெயில்ல நடந்து எங்க தெருமுனைக்கு வந்தேன். ட்ரான்ஸ்பார்மர் பக்கத்துல நான் நிக்கிறேன். பத்தடி உயரத்துக்கு!

'இருபது வயதிலேயே வருமான வரி கட்டி விருத்தாசலத்தைத் தலைநிமிர வைத்த வள்ளலே, வருக!'

கூலிங் கிளாஸு போட்டு மாமா கல்யாணத்துல எடுத்த போட்டோ. எனக்குப் பின்னாடி ஒரு சிங்கம். சிங்கத்துக்குப் பின்னாடி பார்லிமெண்டு. கீழ வரிசையா எங்க செட்டு பசங்க தலை, அதுல பாபு தலை மட்டும் கொஞ்சம் பெருசு.

எனக்குக் கோவம் வந்துதுன்னு நெனைக்கிறீங்களா? நின்னு ஒரு செல்பி எடுத்தேன். அவ்ளோ மானங்கெட்டவன்.

செல்பி எடுத்து முடிக்கல, ஆடி மாசக் கூழு ஊத்துற கமிட்டிக்காரங்க வந்துட்டாங்க. "தம்பி, போன வருசம் அம்பது ரூபா குடுத்தே, வாங்கிக்கிட்டோம். அப்ப உன் நெலமை அப்படி. இந்த வருசம் மைக் செட்டு, சீரியல் லைட்டு ரெண்டும் உன்னுது."

"அண்ணே, நான் சும்மா..."

"வள்ளலு, மறுக்கக் கூடாது!"

தப்பிச்சு வூட்டுக்குள்ள ஓடுனா, அம்மா தலையில கைய வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்குது.

"எதுக்குடா வரி கட்டுற? ஊர்ல இருக்குற புள்ளைங்க மாதிரி உனக்கு வேற கெட்ட பழக்கமே கெடைக்கலையா?"

"என்னாம்மா ஆச்சு?"

"இன்கம்டாக்ஸு கட்டுற வூட்டுக்கு மகளிர் உரிமைத்தொகை கெடையாதாமே! மல்லிகா அந்தக் கண்றாவியைப் போட்டோ புடிச்சுக்கிட்டு வி.ஏ.ஓ ஆபீஸுக்குப் போயிட்டா!"

மல்லிகாக்கா எதுத்த வூடு. அவங்க வூட்டுல ஓடாத காரு ஒண்ணு நிக்குது. காரு இருக்குதுன்னு அவங்க போட்ட உரிமைத்தொகை மனுவைத் தள்ளிட்டாங்க. அன்னையிலேருந்து அம்மாவுக்கு மாசாமாசம் அந்த ஆயிரம் வந்து செல்லு 'டிங்'குன்னு அடிச்சா, எதுத்த வூட்டுக் கதவு டமார்னு சாத்தும்.

அம்மா ஜாக்கெட்டு தெச்சு சம்பாதிக்கிறதெல்லாம் வூட்டுக்குத்தான் போவும். அந்த ஆயிரம் ஒண்ணுதான் யாரு முகத்தையும் பாக்காம அது எடுத்து செலவு பண்ற காசு. அதுல மண்ணு வுழுந்தா அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது.

பாஸ்புக்கை மறந்துட்டு வி.ஏ.ஓ ஆபீஸுக்கு ஓடுனோம். மல்லிகாக்கா அங்க சேர்ல தெம்பா ஒக்காந்திருந்தாங்க.

வி.ஏ.ஓ செல்லுல இருந்த போட்டோவையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. "நீதானா அந்த வள்ளலு?"

"சார், நான் வரியே கட்டல சார். கம்பெனியில பிடிச்சாங்க. திரும்ப வாங்கத்தான் ஆடிட்டர்கிட்ட போனேன்."

"அப்ப ப்ளெக்ஸு?"

"கூட்டாளி வெச்சது சார். வரி கட்டுற அளவுக்கு எனக்கு வருமானமே இல்ல சார்."

"சத்தமா சொல்லு. இந்தம்மாவுக்குக் கேக்கணும்."

"எனக்கு வருமானம் இல்ல சார்!"

பட்டாவுக்கு நின்ன மொத்த வரிசையும் திரும்பிப் பாத்துது. அம்மாவுக்கு அது பத்தல. முன்னாடி வந்து கையெடுத்துக் கும்பிட்டுது.

"சத்தியமா சார்! இவன் எதுக்கும் ஆவமாட்டான் சார்! பொம்மையை நிக்க வெச்சுப் போட்டோ புடிக்கிறான், அவ்வளவுதான். எழுதி வேணாலும் தரேன் சார்!"

பெத்த புள்ளையைப் பத்தி இவ்வளவு உருக்கமா அது என்னைக்கும் பேசினதில்ல.

மல்லிகாக்கா மொகமே எளகிடுச்சு. "ஐயோ பாவம், விடுங்க சார். எனக்கும் இப்படி ஒண்ணு இருக்குது வூட்டுல"ன்னு எந்திரிச்சுட்டாங்க.

வி.ஏ.ஓ சிரிப்பை அடக்கிக்கிட்டு சொன்னாரு. "கட்ட வேண்டிய வரி ஒண்ணுமில்லன்னு ரிட்டர்ன்ல வரும்ல, அதுல ஒரு காப்பி கொண்டாந்து குடு. தொகைக்கு ஒண்ணும் ஆவாது. மொதல்ல போயி அந்த ப்ளெக்ஸைக் கழட்டு."

பாஸ்புக்கை எடுத்துக்கிட்டுப் போயி ரிட்டர்ன் போட்டேன். காப்பியைக் கொண்டாந்து குடுத்தேன். அப்புறம் பாபுவைக் கூப்ட்டு நாலு கிழி கிழிச்சேன்.

"கழட்டுனா நமக்குத்தான்டா அசிங்கம். சரி பண்ணிடுறேன், நீ போ"ன்னான். அவன் பேச்சை ரெண்டாவது தடவையும் நம்புனேன் பாருங்க!

காலையில போயி பாத்தா, சிங்கம் அங்கயேதான் நிக்குது. பார்லிமெண்டும் இருக்குது. நடுவுல ஒரு பட்டை ஸ்டிக்கரு மட்டும் புதுசு.

'இருபது வயதிலேயே வருமான வரி கட்டாமல் விருத்தாசலத்தைத் தலைநிமிர வைத்த வள்ளலே, வருக!'

மத்தியானமே ஆடிட்டரு போன் பண்ணாரு. "தம்பி, நான் பாலக்கரைக்குப் போற வழி உங்க தெருதான். பாத்தேன். இனிமே என் ஆபீஸ் பக்கம் வராதே."

நானே கத்தி எடுத்துக்கிட்டுப் போயி கயித்தை அறுத்தேன்.

பதினஞ்சாந் தேதி அம்மா செல்லு 'டிங்'குன்னுச்சு. ஆயிரம் முழுசா வந்துடுச்சு. அம்மா அந்த செல்லை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு என்னைப் பாத்து சிரிச்ச சிரிப்புல எனக்கு உசுரு வந்துது.

மறுவாரம் என் செல்லும் அடிச்சுது. ரீஃபண்டு! பிடிச்ச காசு அம்புட்டும் திரும்பி வந்துடுச்சு. எனக்குத் தலைகால் புரியல.

"அம்மா! பாத்தியா? கவர்மெண்டே எனக்குக் காசு குடுக்குது!"

அம்மா பாஞ்சு வந்து என் வாயைப் பொத்துச்சு.

"கத்தாதேடா, மல்லிகா காதுல வுழுந்து தொலைக்கப் போவுது!"