ஆமைக்குக் கிடைத்த ஜாமீன்

ஒரு காட்டில், சட்டம் தன் கடமையைச் செய்துகொண்டிருந்த காலம் அது. அங்கே ஒரு குளத்தில் குழந்தைசாமி என்ற ஆமை தன் மனைவியோடு வாழ்ந்துவந்தது. ஒருநாள் அது கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது, கருணாகரன் என்ற சிறுத்தை அதன் கண்ணெதிரிலேயே ஒரு மானை அடித்துத் தின்றது. ஆமை அலறியது. செந்நாய் இன்ஸ்பெக்டர் ஓடிவந்து இருவரையும் பிடித்துக்கொண்டுபோய், ‘இருவரும் சேர்ந்து மானைத் துரத்திக் கொன்றனர்’ என்று வழக்கு எழுதியது.

கொலை வழக்கு என்றால் சும்மாவா! யானை நீதிபதி முதலில் சிறுத்தையின் மனுவை எடுத்தது.

“வெளியே விட்டால் சாட்சிகளை மிரட்டுவாரா?”

“சாட்சி சொல்ல இருந்த ரெண்டு முயலும் போன வாரத்திலிருந்து காணோங்க. மிரட்ட ஆளே இல்லை,” என்றது செந்நாய்.

மூன்று மலை சொந்தம், மரியாதையான குடும்பம். சிறுத்தைக்கு ஒரு நிபந்தனையும் இல்லாமல் ஜாமீன் கிடைத்தது.

ஆமைக்காக அதே குளத்து நீர்ப்பறவையான நாமக்கோழி வாதாடியது. “ஐயா, ஆமை எப்படி மானைத் துரத்தும்?”

“அதெல்லாம் விசாரணையில் பார்க்க வேண்டியதம்மா. ஜாமீன் மனுவில் அவ்வளவு ஆழத்துக்குப் போகக் கூடாது.”

“வீட்டை முதுகிலேயே வச்சிருக்கார் ஐயா. நினைச்ச நேரம் ஓடிடுவார்,” என்று செந்நாய் எடுத்துக் கொடுத்தது.

மனு தள்ளுபடி.

ஆமை சிறையைக்கூடப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் சித்திரை பிறந்தால் குளம் வற்றிவிடும். அதற்குள் மனைவியை ஆற்றுக்கு அழைத்துப்போக வேண்டும், அவளுக்கோ வழி தெரியாது.

பங்குனிக் கடைசியில், மூன்றாவது மனுவில், யானை மனம் இரங்கியது. தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

“ஜெயிச்சுட்டோம்ணே!” என்று நாமக்கோழி சிறகடித்தது.

“வக்கீலம்மா, குளம் இங்கிருந்து ரெண்டு நாள் நடையாச்சே. நான் எப்படிப் போய்ட்டு வர்றது?”

“அப்படியா? நான் கால் மணி நேரத்துல வந்துட்டேனே!”

பத்து நாள் ஆமை காவல் நிலைய வாசலிலேயே கிடந்து கையெழுத்துப் போட்டது. விடுதலை பெற்றவன் என்று பெயர், சிறையில் போட்ட கீரைகூட இப்போது இல்லை. பதினோராம் நாள் அதற்குத் தாங்கவில்லை. கையெழுத்துப் போட்ட கையோடு குளத்தைப் பார்க்க நடந்தது.

மறுநாள் பத்தரைக்கு ஆளைக் காணோம். தனிப்படை கிளம்பியது. பாதி வழிகூடப் போயிராத ஆமையைச் சுற்றிவளைத்துத் தூக்கிவந்தார்கள். யானை ஜாமீனை ரத்து செய்தது. ‘தேடப்பட்டவர் பிடிபட்டார்’ என்று செந்நாய்க்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

சிறை வாசலில் ஆமை வக்கீலைப் பிடித்துக்கொண்டது. “குளத்துல தண்ணி இருக்காம்மா?”

“நேத்தே வத்திருச்சுண்ணே. ஆனா நீங்க கவலைப்படாதீங்க. நம்ம கருணாகரன் சும்மாத்தானே இருக்கார். உங்க வீட்டம்மாவை வாயில கவ்விட்டுப் போய் ஆத்துல விட்டுடறேன்னு தூக்கிட்டுப் போனார்.”

“விட்டாரா?”

நாமக்கோழி வழக்குக் கட்டைப் புரட்டியது. “அடுத்த வாய்தா என்னிக்குன்னு பார்க்கறேண்ணே,” என்றது.

நீதி: குற்றம் செய்யாதவர்கள் காவல் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் குடியிருக்க வேண்டும். மற்றவர்கள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.