அப்பா கூப்பிடாத கூட்டுவேலை

"என் உயிர் இருக்கிறவரைக்கும் அந்த பிளாஸ்டிக்கை என் சரிவுல விரிக்க விடமாட்டேன்" என்று அப்பா சபதம் போட்டார். வாயில் அரேப்பா என்ற சோள ரொட்டி இருந்ததால் சபதம் கொஞ்சம் கொழகொழவென்று வந்தது.

போன மழையில் எங்கள் சமையலறைக்குப் பின்னால் ஒரு முழம் மண் கரைந்து கீழே போயிருந்தது. அடுத்த மழையில் போகப்போவது அடுப்பு. எங்கள் மெதெயீன் நகரத்து மலைச்சரிவில் வீடு கட்டிய எல்லோருக்கும் இது புரியும், என் அப்பா எலியேசரைத் தவிர. தெருச் சங்கம் ஜியோசெல் என்ற பிளாஸ்டிக் வலைக் கட்டுகளைச் சும்மாவே கொடுத்திருந்தது. இழுத்தால் தேன்கூடு மாதிரி விரியும். முளையடித்து, அறைகளில் மண் நிரப்பி, புல் நட்டால் போதும். அப்பாவுக்கு வேண்டியதோ கான்கிரீட் சுவர். ஊரே அண்ணாந்து பார்க்கிற மாதிரி.

"வலையில மீன் மாட்டும். மலை மாட்டுமா?"

"சுவருக்குப் பின்னால தண்ணி தேங்கினா சுவரையே தள்ளிடும்ப்பா. இது தண்ணியை விட்டுட்டு மண்ணைப் பிடிச்சுக்கும்."

"உன்னை யுனிவர்சிட்டிக்கு அனுப்பினதுதான் தப்பு."

இப்படியே தினமும் ராச்சாப்பாட்டில் வாதம். தினமும் நான்தான் ஜெயித்தேன். கட்டுகள் மட்டும் வாசலைவிட்டு நகரவில்லை. தோற்றவர் நிம்மதியாகக் குறட்டை விட, ஜெயித்தவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது என்ன நியாயம்? அம்மா நொகேமி வாயே திறக்கவில்லை. எனக்கு அவள்மேலும் கோபம்.

ஞாயிறு காலை பார்த்தால், வாசலில் மண்வெட்டியோடு தெருவே நிற்கிறது. பெரிய பானையில் கோழி, மரவள்ளி, வாழைக்காய் எல்லாம் கொதிக்கிறது. எங்கள் பக்கம் கூட்டுவேலைக்கு ஒரு முறை உண்டு: கூப்பிட்டவர் சாப்பாடு போடவேண்டும், முதல் அடி அவர் அடிக்கவேண்டும், கடைசி ஆள் கிளம்பும்வரை கருவியைக் கீழே வைக்கக் கூடாது.

பக்கத்துக் கடைக்கார அர்னுல்ஃபோ அப்பாவின் தோளைத் தட்டினார். "நீங்க கூப்பிட்டு வராம இருப்போமா அண்ணே? இந்த ஞாயிறே முடிச்சாகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறீங்கன்னு அக்கா வீடு வீடா வந்து சொன்னாங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பானையைக் கிளறினாள்.

நான் கூப்பிடவில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்த வீட்டில் கூப்பிடுவது யாரென்று தெருவுக்கே தெரிந்துபோகும். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் நாளைக்குக் கூரையே பறந்தாலும் ஒருத்தர் எட்டிப்பார்க்க மாட்டார்.

சுத்தியலை எடுத்தார். மேல் விளிம்பில் முதல் முளை இறங்கியது.

மதியத்துக்குள் அவரே பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிட்டார். சுவர் கட்டினால் தண்ணீர் தேங்குமாம், சுவரையே தள்ளிவிடுமாம். எல்லாம் என் வாக்கியங்கள். இதைத் தட்டிக்கேட்க நான் வாயைத் திறந்தேன். அம்மா அதில் ஒரு துண்டு மரவள்ளியைத் திணித்தாள்.

சாயங்காலம் கடைசி ஆளும் போனபிறகு அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தில் தளபதிக் களை.

"பாத்தியா நொகேமி? நான் ஒரு வார்த்தை சொன்னா தெருவே வருது."

"ஆமாங்க" என்றாள் அம்மா. "அதான் தெரு மொத்தத்துக்கும் நீங்களே முன்னால நின்னு இதை விரிச்சுக் குடுக்கிறதா வாக்குக் குடுத்திருக்கீங்க. வர்ற ஞாயிறு அர்னுல்ஃபோ வீடு."