வேம்புலியம்மனுக்கு ஒரு ஹெலிகாப்டர் மொட்டை

கன்னியப்பனின் தலையில் வலது பாதி மழிக்கப்பட்டு இடது பாதி மிச்சமிருந்த நேரம் பார்த்துத்தான் சம்பத் அதைக் கேட்டான்.

"மாமே, அந்தப் பவளப்பாறை இன்னா கலரு?"

சம்பத், கன்னியப்பன் மனைவி நாகவல்லியின் தம்பி. அக்கா புருஷன் எதையாவது உருப்படியாகச் செய்துவிட்டால் அதில் ஓட்டை தேடுவதற்கென்றே பிறந்தவன். முத்தாபுதுப்பேட்டை வேம்புலியம்மன் கோயில் வாசலில் அண்டா நிறைய ஆடிக் கூழ் ஆறிக்கொண்டிருந்தது. தெருவே சொம்பும் தூக்குமாக வரிசையில் நின்றது. கூழ், மைக் செட், மொட்டை எல்லாமே கன்னியப்பனின் வேண்டுதல்.

"செவப்பு" என்றான் கன்னியப்பன். நாகவல்லியின் மோதிரத்தில் இருக்கிற பவளம் சிவப்புதானே, கடலில் மட்டும் வேறு நிறமாகவா இருக்கப்போகிறது?

விஷயம் இதுதான். கன்னியப்பன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மிஷின் ஓட்டுகிறவன். சித்திரையில் ஒரு டீத்தூள் கம்பெனி குலுக்கலில் அவனுக்குப் பரிசு விழுந்தது. கப்பலில் லட்சத்தீவு போய், அங்கே ஹெலிகாப்டரில் ஏறிப் பவளப்பாறைகளை மேலிருந்து பார்க்கலாம். அவனோ மாடிப்படி ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொள்கிறவன். தீவுத்திடல் பொருட்காட்சியில் அவன் போட்ட கூச்சலில் ராட்டினத்தையே நிறுத்தி இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தக் கல்யாணப் பந்தியிலும் சம்பத் அந்தக் கதையைப் பரிமாறாமல் விட்டதில்லை. கேட்டுக் கேட்டு மகள் வனஜாவும் சிரிக்கத் தொடங்கியபோது கன்னியப்பனுக்கு வலித்தது, நிஜமாகவே வலித்தது. அதனால்தான் ஏறினான்.

ஏறியது உண்மை. பாறையைப் பார்த்ததாகச் சொன்னது பொய். காதில் பஞ்சு, தலைக்கு மேல் துண்டு, துண்டுக்குள் இறுக மூடிய கண். மேலே ஃபேன் சுற்றத் தொடங்கியதும், 'தாயே, உசுரோட எறக்கி உட்டா ஆடியில மொட்ட போட்டுத் தெருவுக்கே கூழ் ஊத்துறேன்' என்று வேண்டிக்கொண்டான். ஆட்டம் நின்று யாரோ தோளைத் தட்டியதும் இறங்கினான். திரும்பிப் பார்க்காமல் ஓடிக் கப்பல் அறையில் போர்த்திக்கொண்டு படுத்தான். மறுநாள் காலை கதவைத் தட்டி, ஹெலிகாப்டருக்கு வா என்று மறுபடியும் கூப்பிட்டார்கள். ஒரு தடவை செத்துப் பிழைத்தது போதாதா? அவன் திறக்கவில்லை.

"செவப்பா?" வரிசையில் நின்ற தேவராஜ் வாத்தியார் சொம்பை இடுக்கிக்கொண்டு வந்தார். "பழுப்பு, பச்சை, அப்படித்தானே இருக்கும்? நான் படத்துல பார்த்திருக்கேன்."

"அதுவும் கீது சார். மொதல்ல செவப்பு. கிட்ட போனதும் பச்சையா மாறிடிச்சி."

"தானாவா மாறிச்சு? உயிருள்ள பிராணிதான், இருந்தாலும்..."

அது பிராணி என்பதே கன்னியப்பனுக்கு அப்போதுதான் தெரியும். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்ததாக நினைத்தான்.

"அதான் சார். எங்களைப் பாத்ததும் கூட்டமா ஓடிச்சி."

"பாறை ஓடிச்சா?" மழித்துக்கொண்டிருந்த அய்யாசாமி சவரக் கத்தியை அந்தரத்தில் நிறுத்தினார்.

"ஓடலண்ணே. மெதுவா நடந்துச்சி."

நாகவல்லி கரண்டியோடு வந்தாள். "என்னாண்ட மீன் மாதிரி நீந்திச்சின்னு சொன்னியே?"

வாத்தியாருக்குத் தலை சுற்றியது. கன்னியப்பனுக்கு அதைவிட அதிகமாகச் சுற்றியது. சம்பத் மட்டும் தெளிவாக இருந்தான்.

"மாமே, நீ நெஜமாவே ஏறினியா?"

"நம்பாட்டி போ. வேலப்பன்சாவடியில இட்லிக்கடை வெச்சிக்கீற பூங்காவனம் அக்காவுக்கும் பரிசு உழுந்துச்சி. எம்பக்கத்து சீட்டுலதான் குந்தினு இருந்துச்சி. போய்க் கேளு."

அவ்வளவு தூரம் எவன் போகப்போகிறான் என்ற தைரியம்தான். சம்பத் உடனே மொபட்டைக் கிளப்பினான்.

அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கன்னியப்பனுக்கு உறைத்தது. துண்டு நழுவாமல் அன்று முடிச்சுப் போட்டுவிட்டதே பூங்காவனம்தான். எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தான். பாதித் தலையோடு எங்கே ஓடுவது?

"சீக்கிரம் வழிங்கண்ணே" என்றான்.

மொட்டை முடிந்து சந்தனம் பூசி, பூஜையும் முடிந்து அண்டா பாதி காலியானதும், பேசச் சொல்லி மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார்கள். எதிரே வனஜா உட்கார்ந்திருந்தாள். வரிசையின் கடைசியில் மொபட் வந்து நின்றது. பின்சீட்டிலிருந்து பூங்காவனம் இறங்கினாள். இனி அவள் சொல்வதற்குள் நாமே சொல்லிவிடுவது மேல் என்று கன்னியப்பன் முடிவு செய்தான்.

"நான் ஒண்ணும் பாக்கல" என்றான். மைக் கொய்யென்று கத்தி அடங்கியது. "கலரும் தெரியாது, நடந்துச்சா நீந்திச்சான்னும் தெரியாது. பயத்துல கண்ண மூடிகினு இருந்தேன். ஆனா ராட்டினத்துக்கே கத்துனவன் ஆகாசத்துல பறந்துட்டு வந்துகீறேன். அத்த மட்டும் யாரும் இல்லன்னு சொல்ல முடியாது."

முதலில் கை தட்டியது வனஜா. பிறகு வாத்தியார் சொம்பில் தட்டினார், பிறகு தெருவே தட்டியது. சம்பத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அம்மனுக்கு வைத்திருந்த மாலைகளில் ஒன்றை எடுத்து மாமன் கழுத்தில் போட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"இனிமே ராட்டினக் கதைய எடுத்தா என்ன செருப்பால அடி மாமே."

கன்னியப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் பூங்காவனத்தை அருகே கூப்பிட்டு, மைக்கை அவனே அவள் வாய்க்கு நேராகப் பிடித்தான்.

"யக்கா, நீயே சொல்லு."

பூங்காவனம் அவன் மொட்டையைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், கூழ் அண்டாவைப் பார்த்தாள்.

"இன்னா நைனா இது, அன்னிக்கு மிஷின் ரிப்பேராயி தரையிலயே ஃபேன் சுத்திட்டு நின்னுபூட்ச்சின்னு எல்லாரையும் எறக்கி உட்டுட்டு, மறுநாள்தானே மேல இட்டுகினு போனாங்க, கதவ அந்தத் தட்டு தட்டினமே, நீ ஏன் வரல?"