பிளக் பிடுங்கிய லியாவ் ஆ-கிம் எழுதுவது

சின்சூ,
வியாழக்கிழமை

பெருமதிப்புக்குரிய யோர்மா ஐயா அவர்களுக்கு,

கோயில் சந்தையில் இறைச்சி உருண்டை சூப் கடை வைத்திருக்கும் லியாவ் ஆ-கிம் வணங்கி எழுதுவது. தாங்களும் வீட்டாரும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே காற்று கடைத் தகரத்தைப் பெயர்த்துவிட்டது, மற்றபடி நலம்.

என் பேத்தி வென்-ருய்யைத் தங்களுக்குத் தெரியும். அவள் அனுப்பிய நிரலை ஐந்து தடவை திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். மின்சாரம் நின்றாலும் எழுதியதை மறக்காத புதிய சில்லு ஒன்றை அவள் கம்பெனி செய்கிறது. கணினி அதை அடையாளம் காண வேண்டுமென்றால் கெர்னல் என்கிற, எல்லோருக்கும் பொதுவான அந்த அடிப்படை நிரல் தொகுப்பில் அதற்கான நிரலும் சேர வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் கதவைத் திறப்பவர் நீங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே இது விளங்கிவிட்டது, அவளுடைய மேலாளருக்குத்தான் விளங்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டால், அவளைக் கண்காட்சியில் துண்டறிக்கை கொடுக்கும் பிரிவுக்கு மாற்றிவிடுவாராம். ஐயா, அவளுக்கு வாய் நீளம். வாங்க வருகிறவர்களிடமே சில்லின் குறையைச் சொல்லிவிடுவாள்.

அவள் நிரலோடு அனுப்பிய முதல் கடிதத்தின் அடியில் "இது இரகசியம், தவறி வந்திருந்தால் அழித்துவிடவும்" என்று கம்பெனி இயந்திரம் தானாக ஒட்டிவிட்டது, நீங்களும் அழித்துவிட்டீர்கள், சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர் என்று நான்கூடப் பாராட்டினேன். இரண்டாவதில் வரியின் தொடக்கத்தில் டேப் விசையை ஒரு தடவை தட்டாமல் இடைவெளியை எட்டுத் தடவை தட்டினாளாம், மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தேன், எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. மூன்றாவதில் நான்கு திருத்தங்களை ஒரே கட்டாக அனுப்பினாள், பிரித்து அனுப்பு என்றீர்கள். நான்காவதில் பிரித்தாள், என்ன செய்தாய் என்று இருக்கிறது, ஏன் செய்தாய் என்று இல்லையே என்றீர்கள், அன்று அவள் என் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள், இருபத்தேழு வயதில் அவள் என் கடையில் மிச்சம் வைத்தது அதுதான் முதல் தடவை என்பதைத் தாங்கள் யோசிக்க வேண்டும்.

ஐந்தாவதில்தான் நான் வருகிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் சில்லு பிழைக்குமா என்று பார்க்க வேண்டுமாம். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் பின்மேசையில் சில்லு பொருத்திய பெட்டியை வைத்தாள். பாட்டியை இங்கே அமா என்போம்.

"பிளக்கப் புடுங்குங்க, அமா."

"ஏன், ஆபீஸ்ல அதுக்கு மெஷின் இல்லையா?"

"மெஷின் சொல்லி வெச்ச நேரத்துக்குப் புடுங்கும். நீங்க எப்பப் புடுங்குவீங்கன்னு சாமிக்கே தெரியாது."

உண்மைதான். செலரி நறுக்கிக்கொண்டே பிடுங்கினேன், மீதிச் சில்லறை கொடுத்துக்கொண்டே பிடுங்கினேன், அவள் "இருங்க, இருங்க" என்று கத்தும்போதும் பிடுங்கினேன். நாட்காட்டித் தாளின் பின்பக்கம், ஐந்து கோட்டால் ஆன எங்கள் எழுத்து ஒன்றைத் தடவைக்கு ஒரு கோடாகப் போட்டு எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு தடவையும் சில்லு எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் அப்படியே ஒப்பித்தது. அதனால் "சோதித்தவர்" என்ற வரியில் என் பெயரையும், பக்கத்தில் கடையின் மின்னஞ்சல் விலாசத்தையும் போட்டு அனுப்பினாள்.

தாங்கள் என்ன பதில் எழுதினீர்கள்? அவள் படித்துக் காட்டினாள்: "யாரும்மா இந்த ஆ-கிம்? சூப் கடை விலாசம் போட்டிருக்கு. இல்லாத ஆள் பேரெல்லாம் போடாதே. நிஜமான ஆள்னு தெரிஞ்சாத்தான் எடுப்பேன்."

"உங்க பேரை எடுத்துட்டு அனுப்பிடறேன் அமா, இன்னிக்கே முடிஞ்சிடும்," என்றாள்.

"எடுத்துப் பாரு. நாளையிலேருந்து உனக்கு உருண்டை கிடையாது, வெறுந்தண்ணிதான்."

ஐயா, நான் இருக்கிறேன். எழுபத்துநான்கு வருடமாக இருக்கிறேன். சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சிலர் இவள் இல்லாமல் இருந்தால் தேவலை என்றுகூடச் சொல்வார்கள். பிளக் பிடுங்கிக் கட்டைவிரல் காய்த்திருக்கிறது. படம் பிடித்து அனுப்பலாமென்றால், படம் ஒட்டிய கடிதத்தை உங்கள் மின்னஞ்சல் குழு துப்பிவிடுமாம். அதனால் மருந்துக்கடை ஆ-பின் இதை உங்களுக்குப் புரியும் மொழியில், அலங்காரமில்லாமல், சின்னச் சின்ன வரியாகத் தட்டித் தருகிறார். தயவுசெய்து நிரலை இன்றே எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயரோடு.

தங்கள் வீட்டில் மின்சாரம் ஒருநாளும் போகாமலிருக்கட்டும். பிள்ளைகள் கிண்ணத்தில் மிச்சம் வைக்காமல் வளரட்டும்.

இப்படிக்கு,
லியாவ் ஆ-கிம்
சோதித்தவர்

பி.கு.: ஆ-பின் தட்டிக்கொண்டிருந்தபோது கை சும்மா இருக்கவில்லை, இன்னொரு தடவை பிடுங்கிவிட்டேன். சில்லு எழுந்திருக்கவில்லை. இயந்திரம் அடம்பிடிக்காமலிருக்க எங்கள் ஊர் வழக்கப்படி பெட்டிமேல் வைத்த பச்சைத் தின்பண்டப் பொட்டலத்துக்குத் தேதிகூடத் தாண்டவில்லை, அதன்மேல் பழி போடவும் வழியில்லை. "விடுங்க ஆ-கிம் அக்கா, நானூத்திப் பன்னிரண்டோட நிறுத்திட்டதா இருக்கட்டும். பார்த்தது யாரு?" என்கிறார் ஆ-பின். வென்-ருய் பிழையைத் தேட நிரலைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். ஆகவே ஐயா, தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் இருப்பது நிஜம். அது வேலை செய்கிறது என்றதுதான் பொய்யாகிவிட்டது.