காந்தனுக்கு வைத்த குறி

இந்த வருஷம் ஒரு பயலிடமும் தோற்பதில்லை என்று நான் முடிவெடுத்தேன். ஒரு பயல் என்றால் காந்தன்தான். வேறு யாரும் என்னோடு விளையாடுவதில்லை.

காந்தன் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. நியாலாஸ் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் வேலை. நான் இங்கே புக்கிட் காத்திலில், தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டில். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு இறங்கியதும் அவன் அங்கே, நான் இங்கே, ஆன்லைனில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஒரு பனிமலை. அதில் ஒருத்தனை ஒருத்தன் தேடிப் பிடித்துச் சுட வேண்டும். தேடுவது நான். சுடுவது அவன்.

"டேய் திரு, கண்ணைத் தொறந்து வச்சு விளையாடுடா!" என்று ஹெட்செட்டில் சிரிப்பான்.

சத்தியமாகச் சொல்கிறேன், தப்பு என்மேல் இல்லை. டிவிமேல். அந்தக் கிழட்டு டிவியில் இன்றைக்குப் பட்டனை அமுக்கினால் நாளைக்குத்தான் குண்டு கிளம்பும். அதற்குள் காந்தன் என்னைச் சுட்டுவிட்டு, தே தாரேக் குடித்துவிட்டு, வாயையும் துடைத்துக்கொள்வான்.

விஷயத்தை மனைவி பவானேஸ்வரியிடம் பக்குவமாக ஆரம்பித்தேன்.

"பவானி, இந்த டிவியில லேக் ஜாஸ்திலா."

"லேக்னா?"

"நான் அமுக்குறதுக்கும் அது செய்யுறதுக்கும் நடுவுல ஆகுற லேட்."

"ஓ! குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்கன்னு நான் சொல்றதுக்கும் நீங்க போடுறதுக்கும் நடுவுல ஆகுமே, அதுவா?"

"அது வேற, இது வேற."

"அப்ப முதல்ல மாத்த வேண்டியது டிவி இல்லையே."

நான் கேட்காத மாதிரி இருந்தேன். கல்யாண வாழ்க்கையில் காது ரொம்ப முக்கியம். எப்போது மூட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

"பெரிசா ஒண்ணு வாங்கி ஹால் சுவத்துல மாட்டப் போறேன்."

"அந்தச் சுவத்துலதானே சாமி மேடை அடிச்சுக் குடுங்கன்னு எத்தனை வருஷமா கேக்குறேன்? பாவம் முருகர், ஃபிரிட்ஜ் மேல உக்காந்திருக்காரு. ஒவ்வொரு தடவை ஐஸ் எடுக்கறப்பவும் அவருக்கு ஆட்டம் குடுக்குது."

"காலியா இருக்கறதே ஒரு சுவர்தான். அதுல டிவிக்குத்தான் இடம். சாமிக்கெல்லாம் இடமில்ல."

என் வாய் இருக்கிறதே, அது மட்டும் லேக் இல்லாமல் வேலை செய்யும்.

பவானி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் போனால் நான் ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தம், அப்படித்தான் அன்றுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் தோசையோடு பதில் வந்தது.

"வாங்கிக்குங்க. ஆனா மாசி மகத்துக்குச் சன்னாசிமலைக் கோயில்ல பால்குடம் எடுக்கணும். ஒரு மண்டலம் விரதம். விரதம் முடியற வரைக்கும் அந்தச் சுடுற கேமைத் தொடக் கூடாது. சுடுறது, கொல்றதெல்லாம் விரதத்துக்கு ஆகாது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. டிவியும் எனக்கு, புண்ணியமும் எனக்கு. இவளுக்கு என்ன கிடைக்கிறது? பாவம், விவரம் பத்தாது என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு தோசை சாப்பிட்டேன்.

தெங்கேராவில் ஒரு டிவிக் கடைக்குப் போனோம். தேவன் என்று ஒரு தமிழ் சேல்ஸ்மேன் ஓடி வந்தான்.

"கேம் விளையாடவாண்ணே? அப்ப இதுதான். ஓ எல் இ டி!"

பெயரின் கடைசியிலேயே 'இடி' இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

"மத்த டிவியில கறுப்பு சாம்பலா தெரியும்ணே. இதுல கறுப்புன்னா கறுப்பு. படத்துக்கு அழகே கறுப்புதான்!"

பவானி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு 'கொஞ்சம் கறுப்பு'ன்னு இழுத்தது யாரு?"

"அது... அப்ப என் கண்ணு பழைய மாடல்மா."

தேவன் இருமிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவினான். "வினாடிக்கு நூத்திருபது தடவை படம் மாறும்க்கா."

"அம்மாடி! இவரு கட்டுன கைலியையே மூணு நாளைக்கு மாத்த மாட்டாரு தம்பி."

மானம் போனால் போகட்டும் என்று நான் கடையில் இருந்த கண்ட்ரோலரை எடுத்து ஒரு கார் ரேஸ் விளையாடிப் பார்த்தேன். அடடா! விரல் நினைப்பதற்குள் கார் திரும்புகிறது. ரோட்டில் கிடக்கும் பொடிக்கல்கூடத் தெரிகிறது. எனக்குப் பின்னால் பவானியும் தேவனும் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். அரைகுறையாகக் காதில் விழுந்தது.

"ஒரே படத்தை ரொம்ப நாளு வச்சிருந்தா?"

"பதிஞ்சிரும்க்கா."

ஏதோ போட்டோ சமாச்சாரம் என்று விட்டுவிட்டு வளைவில் காரை ஒடித்தேன்.

அறுபத்தைந்து அங்குலம் வீட்டுக்கு வந்து சுவரில் ஏறியது. அன்றே விரதமும் ஏறியது.

"விரத வீட்டுல டிவி சும்மா இருக்கலாமாங்க? முருகர் படம் ஒண்ணு போட்டு வைங்க" என்றாள் பவானி. அதற்கென்று பென்டிரைவில் படம் தயாராக இருந்தது. ஆறுமுகம், பன்னிரண்டு கை, மயில், வேல். போட்டேன். காலையில் எழுந்தாலும் முருகர், வேலையிலிருந்து வந்தாலும் முருகர். நடுநடுவே ஸ்கிரீன் சேவர் வந்து மறைத்தது.

"சாமியை மறைக்குதுங்க. பாவம்."

"இதுக்குப் போய் வருத்தப்படுறியே!" என்று நானே, இந்தக் கையால்தான், அதை ஆஃப் செய்தேன்.

மீனை விட்டேன். பீரை விட்டேன். பாயில் படுத்தேன். பக்கத்து வீட்டு நிர்மலாதேவி அக்கா நண்டு சமைத்த நாளில் ஜன்னலை மூடிக்கொண்டு கண்ணீர் விட்டேன். அந்த அக்காவோ எங்கள் வீட்டுக்கு வந்து, டிவியைப் பார்த்து, "திரு தம்பி எவ்வளவு மாறிட்டாரு!" என்று உருகிவிட்டுப் போனார்.

மாசி மகத்தன்று சன்னாசிமலையில் தலையில் பால்குடம். சுற்றிலும் அரோகரா. என் வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். முருகா, ஒரே ஒரு தடவை காந்தனைச் சுட வை.

முருகர் காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. நேரிலேயே வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. விரதம் முடிந்து, வயிற்றில் மீன்கறி. ஹெட்செட்டை மாட்டினேன்.

"என்னடா சாமியாரே, இன்னைக்கு எங்க சாகலாம்னு இருக்க?" என்றான் காந்தன்.

"இன்னைக்கு நீதான்டா சாவுற!"

பனிமலை திறந்தது. வெள்ளை வெளேர். ஒவ்வொரு பனித்துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. அதோ, உச்சியில் காந்தன்! என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நிற்கிறான். மூச்சைப் பிடித்துக்கொண்டு குறி வைத்தேன்.

அந்த வெள்ளையில் லேசாக என்னமோ தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். வேல். மயில். ஆறு முகம்.

காந்தனுக்குக் குறி வைத்தால் கந்தன் நிற்கிறார்! இரண்டு பேருக்கும் ஒரு கால்தான் வித்தியாசம். அந்தக் காலில் தடுக்கி விழுந்தேன்.

துப்பாக்கியை இடது பக்கம் திருப்பினேன். அங்கேயும் நின்றார். வலது பக்கம் திருப்பினேன். அங்கேயும். நான் எங்கே திரும்பினாலும் ஸ்கிரீன் நடுவில் அவர்தான். அவர் பன்னிரண்டு கையிலும் ஆயுதம். என்னிடம் ஒரே ஒரு துப்பாக்கி.

"ஐயய்யோ! சாமியையா சுடப் போறீங்க?" சமையலறையிலிருந்து பவானி அலறினாள். "அதுவும் மீன் தின்ன கையோட!"

விரல் பட்டன்மேலேயே இருந்தது. அமுக்க முடியவில்லை. மயில் தோகைக்குப் பின்னாலிருந்து காந்தன் நிதானமாக வந்து என்னைச் சுட்டான்.

"அலாமாக், என்னடா, சிலை மாதிரி நின்னுட்ட?"

நானா சிலை? ஸ்கிரீனைப் போனில் ஒரு போட்டோ பிடித்துக்கொண்டு, காரை எடுத்துத் தெங்கேராவுக்குப் பறந்தேன்.

தேவன் நான் காட்டிய போட்டோவைப் பார்த்துவிட்டுப் பளிச்சென்று சிரித்தான்.

"சூப்பராப் பதிஞ்சிருக்குண்ணே!"

"சூப்பரா? தம்பி, இதை அழிச்சுக் குடு!"

"இது அழியாதுண்ணே. வாரண்டியும் கிடையாது. வாங்குன அன்னைக்கே அக்காகிட்ட வெவரமாச் சொன்னேனே. அக்கா உங்ககிட்ட சொல்லலையா? நடுவுலகூட போன் பண்ணாங்க."

"போனா? என்னன்னு?"

"முகம் இன்னும் சரியா விழலை, வெளிச்சத்தைக் கூட்டி வச்சா சீக்கிரம் பதியுமான்னு கேட்டாங்க. கேமை விட்டுட்டு அண்ணன் பக்தியா மாறிட்டாரேன்னு எனக்கே ஒரே சந்தோசம்."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. வரும் வழியெல்லாம் அவளிடம் கேட்க வேண்டியதை மனசுக்குள் அடுக்கினேன். இன்றைக்கு விடுவதாக இல்லை.

"பவானீ! தேவன் எல்லாத்தையும் சொல்லிட்டான்!"

பவானி ஹாலில் உட்கார்ந்து மல்லிகைப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"என்ன சொன்னாரு?"

"வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டியாமே! வேணும்னே செஞ்சிருக்க! ஏண்டி, எவ்வளவு ஆசையா வாங்கினேன்!"

"நானுந்தான் ஆசையா ஒரு மேடை கேட்டேன். நீங்கதானே சொன்னீங்க, அந்தச் சுவத்துல டிவிக்குத்தான் இடம், சாமிக்கு இல்லைன்னு. சரின்னு நான் சுவத்தைத் தொடவே இல்லையே. டிவிக்குள்ளயே வச்சுட்டேன்."

அடுக்கி வைத்ததெல்லாம் சரிந்துவிட்டது. சோபாவில் கிடந்த கண்ட்ரோலரைக் கையில் எடுத்துக்கொண்டேன். எனக்கு அழுகையாக வந்தது. பொய் சொல்லவில்லை.

"அப்ப நான் எதுல விளையாடுறது?"

"பழைய டிவி ஸ்டோர்ல பத்திரமா இருக்கு. அதுல எந்தச் சாமியும் இல்ல. லேக்தான் இருக்கு."

அந்த நேரம் பார்த்து வாசலில் நிர்மலாதேவி அக்காவின் குரல். கையில் தட்டு, தட்டில் தேங்காய், கற்பூரம். பின்னால் தாமானில் பாதிப் பெண்கள். பவானி எழுந்து, கட்டிய பூவை டிவியின் தலையில் சார்த்தி, வெள்ளை ஸ்கிரீனைப் போட்டாள். ஆறு முகங்களும் பளிச்சென்று தெரிந்தன. எல்லோரும் கை கூப்பினார்கள். பவானி என் கையிலிருந்து கண்ட்ரோலரை வாங்கிக்கொண்டு கற்பூரத் தட்டைக் கொடுத்தாள்.

"நல்லாக் காட்டுங்க. கொஞ்சம் தள்ளி, ஸ்கிரீன் சூடாகப் போவுது. ம். கன்னத்துல போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன். துளிகூட லேக் இல்லை.